தீர்க்கதரிசினி தெபோராள்



பழைய ஏற்பாட்டில் வரும் ஸ்திரீகள் யார் யார் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஏவாள், சாராள், ரெபேக்காள், ரூத், யூதித், எஸ்தேர் என்று விரல் மடக்கிச் சொல்லுவார்கள். தெபோராள் என்னும் பெயர் அந்தக் கணக்கில் வருவது அபூர்வம். அது பிள்ளைகளின் குற்றமன்று. ஞாயிறு பூசையில் படிக்கப்படும் வாசகங்களில் அவளுடைய சரித்திரம் இடம் பெறவில்லை. கோவிலில் காதில் விழாத சரித்திரத்தை வீட்டில் வேதாகமத்தைத் திறந்து தேடிப் படிக்கிறவர்களோ சிலரே. ஆகையால் இந்த வாரம் அந்த மாதரசியை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்க விரும்புகிறேன்.

நியாயாதிபதிகள் ஆகமத்தின் 4-ம், 5-ம் அதிகாரங்களில் அவளுடைய வரலாறு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கக் கால் மணி நேரம் போதும். 4-ம் அதிகாரம் நடந்ததை வசனமாகச் சொல்லுகிறது; 5-ம் அதிகாரம் அதையே பாட்டாகப் பாடுகிறது. வேதாகமம் முழுவதிலும் மிகப் பழைய பகுதிகளில் இந்தப் பாட்டும் ஒன்றென்று எபிரேய மொழி வல்லோர் பலர் கருதுகிறார்கள்.

தெபோராளின் காலம்

கிறிஸ்துநாதர் பிறப்பதற்கு ஏறக்குறைய 1,100 அல்லது 1,200 ஆண்டுகளுக்கு முந்திய காலம் அது. மோயீசன் இறந்துபோனார். இஸ்ராயேல் ஜனங்களை வாக்களிக்கப்பட்ட நாட்டிற்குள் கொண்டுவந்து சேர்த்த யோசுவாவும் இறந்துபோனார். ஜனங்களுக்கு அரசன் கிடையாது, தலைநகரம் கிடையாது, நிலையான சேனையும் கிடையாது. பன்னிரண்டு கோத்திரங்கள் ஆளுக்கொரு திசையில் சிதறி வாழ்ந்து, அவரவர் வயலையும் மந்தையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்நாட்களில் சர்வேசுரன் அவர்களுக்குள் அவ்வப்போது எழுப்பின தலைவர்களையே நியாயாதிபதிகள் என்கிறோம். அந்த ஆகமத்தில் இப்படிப்பட்டவர்கள் பன்னிருவர் காணப்படுகிறார்கள். அவர்களில் பதினொருவர் ஆண்கள். ஒருத்தி மாத்திரம் பெண். அந்த ஒருத்தியே தெபோராள். ஜனங்கள் தன்னிடம் கொண்டுவந்த வழக்குகளை உட்கார்ந்து கேட்டுத் தீர்ப்புச் சொன்னாள் என்று அந்த ஆகமம் வெளிப்படையாகச் சொல்லுவது அவளைப் பற்றியே என்பதையும் கவனியுங்கள். மற்றவர்களுடைய புகழ் பெரும்பாலும் வாளினால் வந்த புகழ்.

அந்த ஆகமத்தைப் படிக்கிறவர்கள் ஒரே சக்கரம் திரும்பத் திரும்பச் சுழலுவதைக் காண்பார்கள். ஜனங்கள் சுகமாய் இருக்கிறார்கள், சுகத்தில் சர்வேசுரனை மறந்து பாகால் விக்கிரகங்களின் பின்னே போகிறார்கள், சத்துருக்களின் கையில் அகப்படுகிறார்கள், துன்பம் தாங்காமல் அபயமிடுகிறார்கள், ஆண்டவர் இரங்கி ஒரு தலைவனை அனுப்புகிறார், நாடு இளைப்பாறுகிறது, மறுபடியும் மறதி வருகிறது. ஆவோத் என்னும் நியாயாதிபதி இறந்த பின்னும் இப்படியே நடந்தது. இம்முறை அவர்கள் அகப்பட்டது ஆசோர் நகரில் ஆண்ட கானான் அரசன் யாபீனுடைய கையில்.

ஆசோர் கற்பனை ஊரன்று. கெனேசரேத்து ஏரிக்கு வடக்கே அதன் மண்மேடு இன்றும் இருக்கிறது. 1955-ம் ஆண்டு முதல் 1958-ம் ஆண்டு வரை இகாயேல் யாதீன் என்னும் அறிஞர் அதைத் தோண்டி ஆராய்ந்தார். ஏறக்குறைய 200 ஏக்கர் பரப்புள்ள பெரும் பட்டணம் வெளிப்பட்டது. கி.மு. 13-ம் நூற்றாண்டில் அது பெருந்தீக்கு இரையானதன் அடையாளங்களும் கிடைத்தன. 2005-ம் ஆண்டில் அந்த மேடு உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. யோசுவா ஆகமத்திலும் ஆசோர் அரசனுக்கு யாபீன் என்றே பெயர் வருவதால், அது அவ்வூர் அரசர்கள் வழிவழியாகத் தரித்த பெயராயிருக்கலாம் என்பது வியாக்கியானிகள் பலரின் கருத்து.

அரசனைவிட ஜனங்களை நடுங்கச் செய்தவன் அவனுடைய சேனாதிபதி சீசாரா. அரோசேத் என்னுமிடத்தில் இருந்த அவனிடம் 900 இரும்பு ரதங்கள் இருந்தன. இஸ்ராயேலருக்கு ரதமில்லை, குதிரைப்படையுமில்லை. அவர்களுக்குள் கேடயத்தையோ ஈட்டியையோ காண்பதே அரிதாயிருந்ததாக 5-ம் அதிகாரத்தின் பாட்டினால் அறிகிறோம். மலைகளில் ஒளிந்து வாழலாம்; ஆனால் விளைநிலமும் பெருவழியும் சமவெளியில் அல்லவா இருக்கின்றன? சமவெளியை ஆண்டவை ரதங்கள். ஆகவே பெருவழிகள் வெறிச்சோடிப் போயின. பிரயாணிகள் குறுக்குப் பாதைகளில் பதுங்கிப் பதுங்கி நடந்தார்கள். கிராமங்கள் பாழாயின. இந்த நிலை 20 ஆண்டுகள் நீடித்தது. அது தொடங்கிய வருஷத்தில் பிறந்த குழந்தை வளர்ந்து, தனக்கும் குழந்தை பிறக்கும் வயதை அடைந்திருக்கும். ஆயினும் பகல் வெளிச்சத்தில் பயமின்றிப் பெருவழியில் நடப்பது எப்படியிருக்கும் என்பதை அறிந்திராது.

பேரீச்ச மரத்தடியில்

இப்படிப்பட்ட நாட்களில் எபிராயீம் மலைநாட்டில், ராமாவுக்கும் பேத்தேலுக்கும் நடுவே, ஒரு பேரீச்ச மரத்தின் கீழ் தெபோராள் உட்கார்ந்திருந்தாள். இவ்விரண்டு ஊர்களும் யெருசலேமுக்கு வடக்கே சில மைல் தூரத்தில் இருப்பவை. அவளுடைய பெயருக்குத் தேனீ என்று பொருள். அவள் லாப்பிதோத் என்பவனின் மனைவி. அவளுடைய பெற்றோர் பெயரும், பிள்ளைகள் உண்டா என்பதும் ஆகமத்தில் காணப்படவில்லை. பேத்தேலுக்கு அருகே அடக்கம் செய்யப்பட்ட இன்னொரு தெபோராளைப் பற்றி ஆதியாகமத்தில் படிப்பீர்கள். அவள் ரெபேக்காளின் தாதி. பல நூற்றாண்டு முந்தினவள். இருவரையும் ஒருவராக எண்ணிவிடாதேயுங்கள்.

இஸ்ராயேல் ஜனங்கள் தங்கள் வழக்குகளைத் தூக்கிக்கொண்டு அந்த மலைக்கு ஏறிப் போனார்கள். எப்படிப்பட்ட வழக்குகள் என்று கேட்பீர்கள். மோயீசன் கொடுத்த சட்டத்தைப் பார்த்தால் ஒருவாறு ஊகிக்கலாம். ஒருவனுடைய மாடு அடுத்தவனை முட்டிக் கொன்றால் யார் பொறுப்பு? இரவலாக வாங்கின விலங்கு செத்துப்போனால் ஈடு கொடுக்கவேண்டுமா? ஒருவன் தன் மந்தையைப் பிறனுடைய வயலில் மேயவிட்டால் என்ன தண்டம்? ஏழையின் போர்வையை அடகு வாங்கினவன் பொழுது சாய்வதற்கு முன் திருப்பிக் கொடுத்தானா? விதவையையும் அநாதையையும் ஒடுக்கினவனுக்கு என்ன செய்வது? நம்முடைய ஊர்களில் இன்றும் நடக்கும் சண்டைகளுக்கும் இவைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பாருங்கள்.

அவளிடம் சேவகர் இல்லை, சிறைச்சாலை இல்லை. தீர்ப்பை ஏற்காதவனைக் கட்டாயப்படுத்த ஒரு வழியும் இருந்ததாகத் தெரியவில்லை. அப்படியிருந்தும் ஆண்களும் பெண்களும் ஏறிப் போனது ஏன்? அவள் நியாயம் தவறாதவள் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணமாயிருந்திருக்க வேண்டும். அதற்கும் மேலே, ஆண்டவருடைய சித்தத்தை அறிந்து சொல்லும் தீர்க்கதரிசினி என்றும் ஜனங்கள் அவளை மதித்தார்கள். இதுவும் பழைய ஏற்பாட்டில் மிகச் சிலருக்கே கிடைத்த பட்டம். மோயீசனின் சகோதரி மரியாம் அதைப் பெற்றாள். பிற்காலத்தில் யோசியாஸ் அரசன் ஆலோசனை கேட்டனுப்பின ஓல்தா என்பவளும் பெற்றாள். யூதருடைய தல்மூத் நூல் ஏழு தீர்க்கதரிசினிகளை எண்ணிச் சொல்லும்போது தெபோராளையும் அவர்களில் ஒருத்தியாகச் சேர்க்கிறது. ஆண்டவருடைய சந்நிதியில் எரியும் விளக்குகளுக்கு அவள் திரி செய்து கொடுத்தாள் என்ற பரம்பரைச் செய்தியும் அந்நூலில் உண்டு.

இதிலே ஒரு பாடம் இருக்கிறது. தெபோராள் தேசத்தை எழுப்பினது பிந்தின காரியம். அதற்கு முன்பே அண்டை அயலாரின் சின்னச் சின்னச் சச்சரவுகளைப் பொறுமையோடு கேட்டு நியாயம் செய்துகொண்டிருந்தாள். சின்ன வழக்கில் உண்மையாய் இருந்தவளுடைய சொல்லைத்தான் பெரிய ஆபத்தில் ஜனங்கள் நம்பினார்கள்.

பாராக்குக்கு வந்த அழைப்பு

ஒரு நாள் தெபோராள் வடக்கே நெப்தலி நாட்டுக் கேதேஸ் ஊருக்கு ஆள் அனுப்பினாள். அபினோயேமின் மகன் பாராக்கை அழைப்பித்து, சர்வேசுரனுடைய கட்டளையை அவனுக்குத் தெரிவித்தாள். நெப்தலி, சாபுலோன் கோத்திரங்களிலிருந்து 10,000 பேரைச் சேர்த்துக்கொண்டு தாபோர் மலைக்கு ஏற வேண்டும். சீசாராவையும் அவன் ரதங்களையும் கீசோன் ஆற்றங்கரைக்கு ஆண்டவரே இழுத்துக் கொண்டுவந்து அவன் கையில் ஒப்படைப்பார் என்பதே அந்தக் கட்டளை.

பாராக் என்ன செய்தான்? மறுக்கவில்லை, உடனே புறப்படவுமில்லை. தெபோராள் தன்னோடு வந்தால் போவதாகவும், வராவிட்டால் தான் போகமாட்டேன் என்றும் நிபந்தனை விதித்தான்.

இதைக் கோழைத்தனம் என்று சிலர் இகழ்ந்திருக்கிறார்கள். அவசரப்பட்டுத் தீர்ப்பிட வேண்டாம். 900 ரதங்களுக்கு எதிரே கேடயமில்லாத ஆட்களை அழைத்துப் போகிறவன் அவன். ஆண்டவருடைய வாக்கைப் பேசுகிறவள் பக்கத்தில் நிற்க வேண்டுமென்று அவன் விரும்பினது இயற்கையே. ஆனாலும் சர்வேசுரனுடைய வாக்கு ஒன்றே போதும் என்று அவன் புறப்படவில்லை, இதுவும் உண்மை.

தெபோராள் அவனைக் கடிந்து அனுப்பிவிடவில்லை. வருவதற்கு உடனே சம்மதித்தாள். ஆனால் உண்மையை மறைக்கவும் இல்லை. இந்தப் பயணத்தில் வெற்றியின் மகிமை அவனுக்குக் கிடையாதென்றும், சீசாரா ஒரு ஸ்திரீயின் கையில் ஒப்படைக்கப்படுவான் என்றும் அவனுக்கு முன்கூட்டியே சொன்னாள். பிறகு எழுந்து அவனோடு கேதேசுக்குப் போனாள். தன் மரத்தடியை விட்டு ஐம்பது மைலுக்கும் அப்பால், சத்துருவின் ரதங்கள் ஓடும் சமவெளியையும் தாண்டி வடக்கே போனாள் அந்தக் குடும்பப் பெண். கட்டளையை எடுத்துச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிடுவது அவளுக்கு எளிதாயிருந்திருக்கும். பிறரை ஆபத்துக்கு அனுப்புகிறவர்கள் தாங்களும் கூடப்போவது எவ்வளவு அருமை என்பதை உலகத்தைப் பார்த்தவர்கள் அறிவீர்கள்.

பாராக்கைப் பற்றி இன்னொரு செய்தி. எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 11-ம் அதிகாரத்தில் விசுவாசத்தினால் விளங்கின முன்னோர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதிலே பாராக்கின் பெயர் உண்டு. பயந்தும் புறப்பட்டுப் போனவனை ஆண்டவர் தம் விசுவாசிகளின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுகிறார் என்பது நம்மைப்போன்ற பலவீனருக்குப் பெரிய ஆறுதல். தெபோராளின் பெயரோ அந்தப் பட்டியலில் இல்லை. எல்லாரையும் சொல்ல நேரம் போதாது என்று அந்த நிருபமே ஒத்துக்கொள்ளுகிறது. பட்டியலில் பெயர் விடுபட்டாலும் ஆண்டவருடைய நினைவில் விடுபடுவதில்லை. வீட்டிலும் கோவிலிலும் பெயர் தெரியாமல் உழைக்கும் எத்தனையோ தாய்மார்கள் இதை நினைத்து மனம் தேறலாம்.

தாபோர் மலையும் கீசோன் ஆறும்

தாபோர் மலையை நீங்கள் அறிவீர்கள். நம் ஆண்டவர் மறுரூபமான மலை என்று பரம்பரையாக வணங்கப்படுவது அதுவே. 1924-ம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட தேவாலயம் இப்பொழுது அதன் சிகரத்தில் நிற்கிறது. சமவெளியின் ஓரத்தில் தன்னந்தனியாக ஏறக்குறைய 1,900 அடி உயர்ந்து நிற்கும் மலை அது. ரதங்கள் அதன்மேல் ஏற முடியாது. மேலே இருக்கிறவர்களுக்குக் கீழே நடக்கிறதெல்லாம் தெரியும். 10,000 பேர் கூடுவதற்கு ஏற்ற இடந்தான்.

பாராக் மலையேறின செய்தி சீசாராவுக்கு எட்டியது. தன் 900 ரதங்களையும் சேனை முழுவதையும் அவன் கீசோன் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தான். கீசோன் வற்றாத பெரிய நதியன்று. கோடையில் அதன் மேற்பகுதி பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். மழை பெய்தாலோ வெள்ளம் புரண்டு, சுற்றியுள்ள களிமண் நிலமெல்லாம் சேறாகிவிடும்.

இப்பொழுது பாராக்கின் நிலையை எண்ணிப் பாருங்கள். மலைமேல் இருக்கும்வரை பத்திரம். கீழே இறங்கினால் ரதங்களின் வாயில் விழவேண்டும். யுத்தம் தெரிந்த எவனும் அங்கேயே இருக்கும்படிதான் ஆலோசனை சொல்லியிருப்பான். தெபோராளோ அந்த நாளே ஆண்டவர் குறித்த நாள் என்றும், அவரே முன்னே போகிறார் என்றும் சொல்லி, எழுந்து இறங்கும்படி அவனைத் தூண்டினாள். பாராக் கீழ்ப்படிந்தான். 10,000 பேரும் அவன் பின்னே இறங்கினார்கள். முன்பு நிபந்தனை விதித்தவன் இம்முறை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அடுத்து நடந்ததை 4-ம் அதிகாரம் சுருக்கமாகச் சொல்லுகிறது: ஆண்டவர் சீசாராவின் சேனையைக் கலங்கடித்தார். எப்படி என்பதற்குப் பாட்டு துப்புக் கொடுக்கிறது. மேகங்கள் நீரைக் கொட்டின. வானமே யுத்தத்தில் இறங்கினது போலிருந்தது. கீசோன் பெருக்கெடுத்துச் சத்துருக்களை அடித்துக்கொண்டு போயிற்று. சேறான நிலத்தில் இரும்பு பூட்டின ரதம் என்ன ஆகும்? சக்கரம் புதையும், குதிரை மிரண்டு துள்ளும், பின்னால் வருவது முன்னால் நிற்பதன்மேல் மோதும். இருபது ஆண்டுகளாக ஒரு ஜனத்தை நடுங்கவைத்த பலமே ஒரு நாள் மழையில் கண்ணியாக மாறிவிட்டது. செங்கடலில் பரவோனின் ரதங்களுக்கு நேர்ந்தது உங்கள் நினைவுக்கு வரும். யூதர்கள் தங்கள் ஜெபக்கூடங்களில் செங்கடல் சரித்திரத்தைப் படிக்கும் ஓய்வுநாளன்றே தெபோராளின் பாட்டையும் சேர்த்துப் படிப்பது வழக்கம்.

சேனாதிபதி சீசாரா ரதத்தை விட்டுக் குதித்தான், கால்நடையாய் ஓடினான்.

யாகேலின் கூடாரம்

ஓடினவன் ஒரு கூடாரத்தை அடைந்தான். அது கேனேயனான ஆபேர் என்பவனின் மனைவி யாகேலுடையது. கேனேயர் மோயீசனின் மாமனார் வழியில் வந்தவர்கள், கூடாரங்களில் வசிக்கிறவர்கள். ஆபேரின் வீட்டாருக்கும் யாபீன் அரசனுக்கும் சமாதானம் இருந்தது. ஆகவே சீசாரா அங்கே பயமின்றிப் போனான். யாகேல் வெளியே வந்து அவனை உள்ளே அழைத்தாள், போர்வையால் மூடினாள், அவன் தண்ணீர் கேட்க, அவள் பால் கொடுத்தாள். யாராவது வந்து விசாரித்தால் ஒருவரும் இல்லையென்று சொல்லும்படி அவளைக் காவல் வைத்துவிட்டு, களைப்பினால் அயர்ந்து தூங்கினான். அவள் கூடார முளையையும் சுத்தியலையும் எடுத்து வந்து அவனைக் கொன்றாள். துரத்தி வந்த பாராக்கு வாசலை அடைந்தபோது காரியம் முடிந்திருந்தது. மகிமை ஒரு ஸ்திரீக்குப் போகும் என்று தெபோராள் முன்னறிவித்தபோது கேட்டவர்கள் அவளையே நினைத்திருப்பார்கள். நடந்ததோ ஒருவரும் எதிர்பாராத இடத்தில்.

இதைப் படிக்கும்போது உங்கள் மனம் கூசினால் அது நல்ல மனம். விருந்தாளியாக ஏற்றுக்கொண்டவனைத் தூக்கத்தில் கொல்லலாமா? வேதாகமம் சொல்லும் ஒவ்வொரு செய்கையும் நாம் பின்பற்றுவதற்கென்று எழுதப்பட்டதன்று. கடினமான ஒரு காலத்தில் நடந்ததை அது மூடிமறைக்காமல் சொல்லுகிறது. பாட்டு யாகேலைப் புகழும்போது, தன் ஜனத்தை விடுவித்த ஆண்டவருடைய கையை அவள் மூலமாகக் கண்டு புகழுகிறது. வஞ்சனைக்கும் கொலைக்கும் நமக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. சத்துருக்களைச் சிநேகிக்கக் கற்பித்த ஆண்டவர் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தின காலம் அது.

ஆனால் சீசாரா வென்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் அந்தப் பாட்டு காட்டுகிறது. அதன் கடைசிப் பகுதியில் சீசாராவின் தாய் ஜன்னலோரம் நின்று வழி பார்க்கிறாள். மகனுடைய ரதம் இன்னும் வரவில்லையே என்று ஏங்குகிறாள். கொள்ளையைப் பங்கிட நேரமாகிறது, ஆளுக்கு ஒன்றிரண்டு பெண்கள் கிடைத்திருப்பார்கள் என்று தோழிமார் அவளைத் தேற்றுகிறார்கள். அவளும் அப்படியே தனக்குச் சொல்லிக்கொள்ளுகிறாள். இஸ்ராயேலின் பெண்மக்களுக்கு எந்தக் கதி காத்திருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அந்த 20 ஆண்டுகளில் எத்தனை வீடுகளில் அது நடந்திருக்குமோ, ஆண்டவரே அறிவார்.

ஆயினும் காத்திருக்கும் தாய் தாயேயல்லவா? யூதர்கள் தங்கள் புத்தாண்டுத் திருநாளில் ஆட்டுக்கொம்பு எக்காளம் ஊதுவார்கள். அதில் விம்மி விம்மி ஒலிக்கும் ஓசை எப்படியிருக்க வேண்டும் என்று ஆராயும் இடத்தில், தல்மூத் நூல் சீசாராவின் தாய் அழுத அழுகையை எடுத்துக்காட்டுகிறது. சத்துருவின் தாய் விட்ட கண்ணீரை அந்த ஜனம் தன் திருநாளிலே நினைவில் வைத்திருப்பது எவ்வளவு ஆழமான காரியம்!

வந்தவர்களும் வராதவர்களும்

வெற்றியின் நாளில் தெபோராளும் பாராக்கும் பாடின அந்தப் பாட்டில் அவள் தன்னை இஸ்ராயேலின் தாயாக எழும்பினவள் என்று அறிந்திருந்தது விளங்குகிறது. சேனாதிபதி என்றோ அரசி என்றோ அவள் தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. தாய் தன் பிள்ளைகளில் யார் சாப்பிட வந்தார்கள், யார் வரவில்லை என்று எண்ணிப் பார்ப்பதுபோல, கோத்திரங்களை அவள் பெயர் பெயராக எண்ணுகிறாள். எபிராயீம், பெஞ்சமின், மாக்கீர், சாபுலோன், இசாக்கார், நெப்தலி ஆகியோர் வந்தார்கள். உயிரைப் பணயம் வைத்த சாபுலோனுக்கும் நெப்தலிக்கும் விசேஷப் புகழ்ச்சி கிடைக்கிறது.

பிறகு வராதவர்களின் பெயர்கள். ரூபன் கோத்திரத்தில் பலத்த ஆலோசனை நடந்தது; கூடிக்கூடிப் பேசினார்கள்; கடைசியில் ஆட்டுக் கிடைகளின் நடுவே குழலோசை கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கலாத் யோர்தானுக்கு அப்பால் தங்கிவிட்டான். தான் தன் கப்பல்களோடு இருந்துவிட்டான். ஆசேர் கடற்கரையை விட்டு அசையவில்லை. இவர்களில் எவனும் சத்துருவோடு சேர்ந்துகொள்ளவில்லை. வராமல் இருந்தார்கள், அவ்வளவே. மேரோஸ் என்னும் ஊருக்கோ சாபமே கிடைத்தது. ஆண்டவருக்கு உதவியாக வராததுதான் அதன் குற்றம்.

பிரியமான பங்கு மக்களே, தெபோராளின் சரித்திரம் நம் ஒவ்வொருவருடைய வீட்டு வாசலிலும் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். அடுத்த வீட்டு விதவையின் வரப்பை ஒருவன் நகர்த்தி வைக்கிறான். உண்மை நமக்குத் தெரியும். ஊர்ப் பகை வேண்டாமென்று வாயை மூடிக்கொள்ளுகிறோம். குடிகாரன் வீட்டில் மனைவி மக்கள் அடிபடும் சத்தம் கேட்கிறது. அது அவர்கள் குடும்ப விஷயம் என்று கதவைச் சாத்துகிறோம். ஒரு நல்ல காரியத்திற்குக் கூட்டம் போடுகிறோம். ரூபனைப்போல விடிய விடியப் பேசுகிறோம். மறுநாள் காலை ஒருவரும் வருவதில்லை. நாம் ஒரு தீமையும் செய்யவில்லை என்று சமாதானம் செய்துகொள்ளலாம். மேரோஸ் ஊராரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இன்னொரு விஷயத்தையும் பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டும். நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர் மேற்றிராணியாராயிருந்த அர்ச். அம்புரோசியார் விதவைகளைப் பற்றி எழுதின நூலில் தெபோராளை எடுத்துக்காட்டி, ஒருவரைப் பலசாலியாக்குவது மனவலிமையே என்றும், பெண்ணாய்ப் பிறந்ததைச் சாக்காகச் சொல்லி ஒருத்தியும் நற்காரியத்திலிருந்து பின்வாங்கலாகாது என்றும் கற்பிக்கிறார். புத்தியும் நியாய உணர்வும் உள்ள மகளை ஆண்டவர் உங்களுக்குத் தந்திருந்தால், பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று அவள் வாயை அடைத்துவிடாதேயுங்கள். படிக்க வையுங்கள். குடும்ப ஆலோசனையில் அவள் சொல்லுக்குக் காது கொடுங்கள். அன்று இஸ்ராயேலின் மூப்பர்கள் அந்த மலைக்கு ஏறிப்போக வெட்கப்பட்டிருந்தால் இருபது ஆண்டு அடிமைத்தனம் நாற்பதாக நீண்டிருக்கும்.

நாற்பது ஆண்டுச் சமாதானம்

அந்த வெற்றிக்குப் பின் நாடு 40 ஆண்டுகள் அமைதியாயிருந்தது. பெருவழிகளில் மறுபடியும் ஆள் நடமாட்டம் வந்தது. கிராமங்களில் அடுப்புப் புகைந்தது. தெபோராள் எப்பொழுது இறந்தாள், எங்கே அடக்கம் செய்யப்பட்டாள் என்று ஆகமம் சொல்லவில்லை. அவள் தனக்கென்று அரண்மனை கட்டினதாகவோ தன் பிள்ளைகளைத் தலைவர்களாக்கினதாகவோ ஒரு சொல்லும் இல்லை. பாட்டு முடிகிறது, அவளும் கண்ணுக்கு மறைகிறாள். அடுத்த அதிகாரத்தைத் திருப்பினால் ஜனங்கள் மறுபடியும் ஆண்டவரை மறந்திருப்பார்கள். பழைய சக்கரம் மறுபடியும் சுழலத் தொடங்கியிருக்கும். ஒரு தலைமுறைக்கு ஒரு தெபோராள் பெற்றுத்தந்த சமாதானத்தை அடுத்த தலைமுறை தன் சொந்த விசுவாசத்தினால் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. பாட்டு யாகேலை ஸ்திரீகளுக்குள் பேறுபெற்றவளாகப் புகழுகிறது. பிற்காலத்தில் யூதித்துக்கும் அப்படிப்பட்ட புகழ்ச்சி கிடைத்தது. அதே புகழ்ச்சியை எலிசபெத்தம்மாள் நம் தேவமாதாவை வாழ்த்தும்போது சொன்னதாக லூக்காஸ் சுவிசேஷத்தில் படிக்கிறோம். முந்தின இருவரும் சத்துருவின் இரத்தம் சிந்தப்பட்டதினால் தங்கள் ஜனத்திற்கு விடுதலை தேடினார்கள். தேவமாதாவோ தம் சொந்தக் குமாரனின் இரத்தத்தினால் வந்த மீட்பைச் சிலுவையடியில் நின்று கண்டார்கள். வாளும் முளையும் முடிக்கக் கூடாததை அந்தச் சிலுவை முடித்தது.

இன்று இரவு குடும்ப ஜெபமாலை முடிந்தபின் நியாயாதிபதிகள் ஆகமத்தை எடுத்து இந்த இரண்டு அதிகாரங்களையும் உங்கள் பிள்ளைகளில் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நியாயம் சொல்லத் தெபோராளின் நேர்மையும், அழைப்பு வரும்போது பயத்தோடாவது எழுந்து போகப் பாராக்கின் கீழ்ப்படிதலும் நம் பங்கிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்கும்படி ஆண்டவரை மன்றாடுவோமாக.